உட்கூரையில் இடும் துளை: தீத்தாங்கு தளங்களில் விளக்குப் பதித்தல் குறித்துச் சில சிந்தனைகள்

1

மொழியும் இலக்கியமும் பயில்வோர், ஒரு சொல்லின் பொருளை அது வழங்கும் சூழலில் வைத்து நோக்கப் பழகியவர்கள். அப்பழக்கம் நூல்களுக்கு மட்டும் உரியதன்று. பண்டங்களின் மீது அச்சிடப்பட்டு நம் வீடுகளுக்குள் வந்து சேரும் சொற்களுக்கும் அது பயன்படக் கூடியதே. ஒரு சொல்லைப் பிழையாக விளங்கிக் கொள்வதனால் உயிர்கள் இழக்கப்படக் கூடுமாயின், அச்சொல்லை ஆராய்வது சொல்லாராய்ச்சியின் எல்லைக்கு அப்பாற்பட்டதாகாது. 'தீத்தாங்கும்' என்னும் அடைமொழி அத்தகையது.

பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் மரச் சட்டகத்தால் அமைந்த தொடர்மாடிகளில் ஒரு குடும்பத்தின் உட்கூரை இன்னொரு குடும்பத்தின் தளமாகும். கீழ்வீட்டில் தீப்பற்றினால், அது மேல்வீட்டை எட்டுவதற்குக் குறிப்பிட்ட நேரமாவது தாங்கி நிற்க வேண்டுமென்று சட்டம் விதிக்கின்றது. பிரித்தானியாவில் இந்நேரம் பெரும்பாலும் 30, 60 அல்லது 90 நிமிடம் என்றும், அமெரிக்காவில் ஒரு மணி அல்லது இரண்டு மணி என்றும் கூறப்படும். இத்தகைய உட்கூரையிலேதான் இன்று டவுன்லைட் என்று வழங்கும் உட்பதி விளக்குகள் பொருத்தப்படுகின்றன. விளக்கின் உடல் உட்கூரைக்கு மேலே மறைந்திருக்க, அதன் வாய் மட்டும் கூரைமட்டத்தோடு ஒட்டியிருப்பது இவ்விளக்கின் இயல்பு. அதனைப் பொருத்துவதற்கு உட்கூரையில் ஒரு வட்டத் துளை வெட்டப்படுதல் தவிர்க்க முடியாதது. தீயைத் தடுக்கவென்று அமைக்கப்பட்ட ஒரு தடுப்பில், அழகுக்காகவும் ஒளிக்காகவும் நாமே துளையிடுகின்றோம்.

இம்முரண்பாடு எவ்வாறு தீர்க்கப்படுகின்றது, எங்கே தீர்க்கப்படாமல் மறைக்கப்படுகின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தீயைத் தாங்கும் திறன் எந்தவொரு தனிப்பொருளினதும் குணமன்று. அது பல பொருள்கள் ஒன்றோடொன்று கொள்ளும் உறவின் விளைவு. ஆயின் சந்தையில் அது ஒரு தனிப்பொருளின் குணமாகவே விற்கப்படுகின்றது. இவ்விரு கூற்றுகளுக்கும் இடையேயுள்ள இடைவெளியிலேதான் ஆபத்து பிறக்கின்றது என்பது நமது கருத்து.

2

'ஒரு மணித் தீத்தாங்கு திறன்' என்னும் அளவு எங்கிருந்து வந்தது என்ற வினாவை முதலில் எழுப்புதல் வேண்டும். அளவைகள் வானத்திலிருந்து இறங்குவனவல்ல. அவற்றை உருவாக்கியோரின் தேவைகள் அவற்றிலே பதிந்திருக்கும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கைத்தொழில் நகரங்கள் பெருத்து, பண்டகசாலைகளும் ஆலைகளும் நெருங்கி எழுந்தபொழுது, தீயினால் ஏற்படும் இழப்பு காப்புறுதி மூலதனத்தின் பெரும் பிரச்சினையாயிற்று. 1893இல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் மின்விளக்குகள் பெருந்தொகையாகப் பயன்படுத்தப்பட்டதையொட்டி, காப்புறுதியாளர் சார்பாக மின்னாபத்துகளை ஆராய வந்த வில்லியம் ஹென்றி மெரில் என்னும் பொறியியலாளர் 1894இல் தொடக்கிய ஆய்வுகூடமே பின்னர் அண்டர்ரைட்டர்ஸ் லபோரட்டரீஸ் எனப் பெயர் பெற்றது. 'அண்டர்ரைட்டர்' என்னும் சொல் காப்புறுதி ஏற்போரைக் குறிப்பது. நிறுவனத்தின் பெயரே அதன் பிறப்பைச் சொல்லுகின்றது. இலண்டனில் எட்வின் சாக்ஸ் என்னும் கட்டிடக்கலைஞரின் முயற்சியால் 1897இல் பிரித்தானியத் தீத்தடுப்புக் குழு தோன்றியது. அமெரிக்காவில் 1918இல் தீச்சோதனைக்கான பொது நியமம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதுவே பின்னர் இ 119 என்னும் இலக்கம் பெற்றது. பிரித்தானியாவில் பி.எஸ். 476 என்னும் நியமம் 1932இல் வெளிவந்தது.

சொத்தைக் காக்க எழுந்த அளவை, காலப்போக்கில் உயிரைக் காக்கும் சட்டத்தின் அளவையாகவும் மாறியது. 1911 மார்ச் 25இல் நியூயோர்க் நகரின் ட்ரையாங்கிள் தையல் ஆலையில் 146 தொழிலாளர் இறந்தமை போன்ற நிகழ்ச்சிகளும், அவற்றையொட்டி எழுந்த தொழிலாளர் கிளர்ச்சிகளும் இம்மாற்றத்தை விரைவுபடுத்தின. எனவே இன்று நாம் காணும் தீத்தடுப்புச் சட்டம், காப்புறுதி மூலதனத்தின் கணக்கும் உழைக்கும் மக்களின் போராட்டமும் ஒருங்கு சேர்ந்து உருவாக்கிய ஒன்று எனலாம். இரண்டில் ஒன்றை மட்டும் கண்டு மற்றதை மறப்பது ஒருதலைப்பட்சமான நோக்காகும்.

3

சோதனை எவ்வாறு நடத்தப்படுகின்றது என்பதைச் சுருக்கமாக நோக்குவோம். தளமும் தீராந்திகளும் உட்கூரையும் சேர்ந்த முழு அமைப்பொன்று ஓர் உலையின் மேல் கட்டப்படும். அமெரிக்க நியமத்தின்படி தீக்கு உள்ளாகும் பரப்பு குறைந்தது 180 சதுர அடியாதல் வேண்டும். தளத்தின் மேல் சுமை ஏற்றப்படும். பின்னர் உலையின் வெப்பநிலை ஒரு நிலையான வளைகோட்டின்படி உயர்த்தப்படும். 5 நிமிடத்தில் 538 பாகை செல்சியஸ், 10 நிமிடத்தில் 704, 30 நிமிடத்தில் 843, ஒரு மணியில் 927, இரண்டு மணியில் 1010 என்பன அவ்வளைகோட்டின் முக்கிய புள்ளிகள். தளம் இடிந்து விழுந்தாலோ, தீச்சுவாலை மேலே கடந்து அங்குள்ள பஞ்சைப் பற்றவைத்தாலோ, மேற்பரப்பின் சராசரி வெப்பநிலை தொடக்க நிலையிலிருந்து 139 பாகைக்கு மேல் உயர்ந்தாலோ அவ்வமைப்பு அந்நேரத்தோடு தோல்வியுற்றதாகக் கொள்ளப்படும்.

இவ்வளவு வெப்பத்தை ஒரு மெல்லிய உட்கூரை தாங்குவது எங்ஙனம்? விடை ஜிப்சத்தின் வேதியியலில் உள்ளது. ஜிப்சம் என்பது நீரைத் தன் பளிங்கமைப்பினுள் பிணைத்து வைத்திருக்கும் கல்சியம் சல்பேற்று. அதன் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீராகும். தீத்தாங்கும் உட்கூரைகளுக்குப் பெரிதும் பயன்படும் ஐந்தெட்டாம் அங்குலத் தடிப்புள்ள பலகையில், ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ இரண்டு லீற்றர் நீர் அடங்கியிருக்கின்றது. தீயின் வெப்பம் பலகையைத் தாக்கும்பொழுது இந்நீர் பிரிந்து ஆவியாகின்றது. அவ்வாறு ஆவியாவதற்கே பெருமளவு வெப்பம் செலவாவதால், நீர் எஞ்சியிருக்கும் வரை பலகையின் பின்புறம் 100 பாகையை அதிகம் தாண்டுவதில்லை. நீர் தீர்ந்தபின் பலகை சுருங்கி வெடிக்கத் தொடங்கும். அப்பொழுது அது உதிர்ந்து விழாமல் பிடித்து வைப்பதற்காகவே 'எக்ஸ் வகை' எனப்படும் பலகையில் கண்ணாடி நார்கள் கலக்கப்படுகின்றன.

இங்கு ஒரு செய்தி மனங்கொள்ளத் தக்கது. 'எக்ஸ் வகை' என்றால் என்ன என்பதற்கு நியமம் தரும் வரைவிலக்கணம் பலகையின் சேர்மானத்தைச் சொல்வதன்று. குறிப்பிட்ட மரச் சட்டகச் சுவரொன்றின் இருபுறமும் குறிப்பிட்ட முறையில் அறையப்பட்டபொழுது ஒரு மணி தாங்கும் பலகையே எக்ஸ் வகை என்பது அதன் சாரம். அதாவது, பலகையின் குணமே அது இடம்பெறும் அமைப்பினால் வரையறுக்கப்படுகின்றது. நாம் முன்னர் கூறிய உறவு என்பது நமது கற்பனையன்று. நியமத்தின் மொழியிலேயே அது உள்ளது.

உட்கூரையின் முக்கியத்துவத்தை 2008இல் அண்டர்ரைட்டர்ஸ் லபோரட்டரீஸ் வெளியிட்ட சோதனை முடிவுகள் தெளிவாக்கின. உட்கூரையே இல்லாத, திண்மையான மரத் தீராந்திகளாலான தளம் 18 நிமிடத்துக்குச் சற்று மேல் தாங்கியது. மெல்லிய நடுப்பலகையும் மேலும் கீழும் மரவிளிம்புகளும் கொண்ட 'ஐ' வடிவத் தீராந்திகளாலான தளமோ ஏறத்தாழ 6 நிமிடத்தில் இடிந்தது. அதே தளங்களுக்குச் சாதாரண அரை அங்குல ஜிப்சம் உட்கூரை சேர்க்கப்பட்டபொழுது அந்நேரங்கள் முறையே ஏறத்தாழ 45 நிமிடமாகவும் 27 நிமிடமாகவும் உயர்ந்தன. இந்த ஆய்வில் தளத்தின் ஆயுளில் பெரும்பகுதி உட்கூரையின் ஆயுளாகவே இருந்தது.

'ஐ' வடிவத் தீராந்தி 1969இல் அமெரிக்காவில் அறிமுகமாயிற்று. குறைந்த மரத்தில் நீண்ட இடைவெளியைத் தாங்கும் திறன் அதற்குண்டு. பொறியியல் நோக்கில் அது ஒரு முன்னேற்றமே என்பதை மறுத்தல் தகாது. ஆனால் மரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.65 மில்லிமீற்றர் ஆழத்துக்குக் கரியாகும் என்ற வழக்கமான கணக்கை எடுத்துக் கொள்வோம். 47 மில்லிமீற்றர் அகலமுள்ள திண்மரத் தீராந்தி இருபுறமும் எரிந்து தீர 36 நிமிடம் வேண்டும். 10 மில்லிமீற்றர் நடுப்பலகைக்கு 8 நிமிடம் போதும். மாறா மூலதனத்தைச் சிக்கனப்படுத்தும் முதலாளித்துவத்தின் நாட்டம் பற்றி மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாந் தொகுதியில் விரிவாக ஆராய்ந்துள்ளார். மரத்தில் மிச்சப்படுத்தப்பட்ட அந்நிமிடங்களை ஈடுசெய்யும் பொறுப்பு முழுவதும் இப்பொழுது உட்கூரையின் மீது விழுந்துள்ளது. உட்கூரையில் இடும் துளை முன்னைவிட இன்று பாரதூரமானதாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

4

உட்பதி விளக்கைப் பொறுத்தவரை நாம் இரண்டு தீக்களை வேறுபடுத்திக் காணல் வேண்டும். ஒன்று விளக்கே மூட்டக்கூடிய தீ. மற்றது அறையில் மூண்டு விளக்கின் துளைவழியே மேலேறும் தீ. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே இத்துறையில் காணப்படும் மிகப் பரவலான மயக்கமாகும்.

முதலாவது தீ விளக்கின் வெப்பத்திலிருந்து எழுவது. இழைக் குமிழ்களும் ஹலோஜன் குமிழ்களும் தாம் பெறும் மின்சக்தியில் மிகப்பெரும் பங்கை வெப்பமாகவே வெளிவிடுவன. கூரைக்கு மேலே பரப்பிய வெப்பக்காப்புப் பஞ்சு அவ்விளக்கை மூடிவிட்டால் வெப்பம் வெளியேற வழியின்றித் திரளும். ஆகவேதான் அமெரிக்க மின்விதிக்கோவை, இதற்கெனச் சான்று பெறாத உட்பதி விளக்குக்கும் எரியக்கூடிய பொருள்களுக்கும் இடையே அரை அங்குலமும், விளக்குக்கும் வெப்பக்காப்புக்கும் இடையே 3 அங்குலமும் வெளி விடவேண்டுமென விதிக்கின்றது. வெப்பக்காப்போடு ஒட்டியிருந்தாலும் ஆபத்தின்றி இயங்கக்கூடியவை என்று சோதிக்கப்பட்ட விளக்குகள் 'ஐ.சி.' என்னும் எழுத்துகளைத் தாங்கி வருகின்றன.

இத்தீயின் சமூகப் பரிமாணத்தை அவுஸ்திரேலியா கண்டது. 2009 பெப்ரவரியில் அந்நாட்டு அரசு வீடுகளுக்கு இலவசமாகக் கூரை வெப்பக்காப்பு இடும் திட்டத்தை அறிவித்தது. உலகப் பொருளாதார நெருக்கடியை எதிர்கொள்ளும் ஊக்குவிப்பு நடவடிக்கைகளில் அதுவும் ஒன்று. ஒரு வருடத்துக்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் வேலை முடிக்கப்பட்டது. போதிய பயிற்சியற்ற இளைஞர்கள் துணை ஒப்பந்தக்காரரின் கீழ்க் கூரைகளுக்குள் அனுப்பப்பட்டனர். நான்கு இளந்தொழிலாளர் உயிரிழந்தனர். மூவர் மின்தாக்கினாலும் ஒருவர் கடும் வெப்பத்தினாலும் இறந்தனர். பல வீடுகளில் தீவிபத்துகள் நேர்ந்தன. உட்பதி விளக்குகளின் மேல் வெப்பக்காப்பு மூடப்பட்டமை அவற்றுக்கான காரணங்களுள் ஒன்று. 2010 பெப்ரவரியில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2014இல் அரச விசாரணை ஆணைக்குழு தன் அறிக்கையை வெளியிட்டது. வெப்பக்காப்பும் விளக்கும் தனித்தனியே குற்றமற்ற பொருள்கள். அவற்றை ஒன்றின்மேலொன்று வைத்த உழைப்பு முறையே தீயை மூட்டியது.

எல்ஈடி விளக்குகளின் வருகையோடு இம்முதலாவது தீயின் ஆபத்துப் பெரிதும் குறைந்துள்ளது. 50 வாற்று ஹலோஜன் தந்த ஒளியை இன்று 5 முதல் 8 வாற்று வரையான எல்ஈடி தந்துவிடுகின்றது. ஆயின் இதனாலேயே ஒரு புதிய மாயை தோன்றியுள்ளது. விளக்கு சூடாவதில்லை, அதில் 'ஐ.சி.' என்றும் எழுதியிருக்கின்றது, ஆகவே தீப்பயமில்லை என்று பலரும் நம்புகின்றனர். இந்நம்பிக்கை தவறானது. 'ஐ.சி.' என்பது விளக்கு தன் சுற்றத்துக்குத் தீங்கு செய்யாது என்பதற்கு மட்டுமே சான்று. அறையில் மூண்ட தீ விளக்கின் துளைவழியே புகுவதை அது தடுக்கும் என்று அச்சொல் ஓரிடத்திலும் கூறவில்லை.

இரண்டாவது தீயின் கணக்கு வேறு. பல உட்பதி விளக்குகளின் உடல் அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் 660 பாகையில் உருகும். சோதனை வளைகோடோ 10 நிமிடத்துக்குள் 704 பாகையை எட்டிவிடுகின்றது. பிளாத்திக்கு உறுப்புகள் அதற்கு வெகு முன்னரே உருகிவிடும். ஒரு மணி தாங்கவேண்டிய உட்கூரையில் சில நிமிடங்களிலேயே திறந்த துளைகள் தோன்றுமாயின், தீ அவற்றினூடாகத் தீராந்திகளுக்கிடையேயுள்ள வெளியில் புகுந்து, ஜிப்சம் யாரைக் காக்க நின்றதோ அவர்களின் தளத்தை நேரே தாக்கும். கீழ்வீட்டாரின் ஒளிக்காக இட்ட துளையின் விலையை மேல்வீட்டில் உறங்குவோர் செலுத்துவர்.

5

இத்துளையை எவ்வாறு பாதுகாப்பது? நடைமுறையில் ஐந்து வழிகள் உள்ளன.

முதலாவது, பெருந்துளையைத் தவிர்ப்பது. உட்கூரையின் பரப்பின்மேல் ஒட்டி நிற்கும் மெல்லிய எல்ஈடி விளக்குகள் இன்று கிடைக்கின்றன. அவற்றுட் சிலவற்றுக்குச் சாதாரண உருக்கு மின்பெட்டியொன்றே போதும். அமெரிக்காவில் வழங்கும் சர்வதேசக் கட்டிடக் கோவை, இரண்டு மணிக்கு மேற்படாத தீத்தாங்கு தளங்களின் உட்கூரையில் 16 சதுர அங்குலத்துக்கு மேற்படாத உருக்கு மின்பெட்டிகளை நிபந்தனைகளோடு அனுமதிக்கின்றது. எந்த 100 சதுர அடிப் பரப்பிலும் அவற்றின் மொத்தம் 100 சதுர அங்குலத்தைத் தாண்டலாகாது. பெட்டிக்கும் பலகைக்கும் இடையேயுள்ள வெளி அங்குலத்தின் எட்டிலொரு பங்குக்கு மேற்படலாகாது. 100 சதுர அங்குலம் என்பது 100 சதுர அடியில் நூற்றுக்கு ஒரு வீதத்துக்கும் குறைவு. 6 அங்குல விட்டமுள்ள ஓர் உட்பதி விளக்கின் துளையோ தனியொன்றே 28 சதுர அங்குலமாகும். பெட்டிகளுக்கு அளித்த சலுகையை விளக்குகளுக்கும் உரியதாகக் கருதலாகாது என்பது இதனாற் புலப்படும். உட்பதி விளக்குகளைப் பற்றி அக்கோவை வேறாகக் கூறுகின்றது: வேண்டிய தீத்தாங்கு திறன் குறையாதவாறு அவை பொருத்தப்படுதல் வேண்டும்.

இரண்டாவது, விளக்குக்கு மேலே ஒரு பெட்டி கட்டுவது. உட்கூரைக்குப் பயன்பட்ட அதே வகை, அதே தடிப்புள்ள ஜிப்சம் பலகையினால் நான்கு பக்கமும் மேற்புறமும் அடைத்து, மூட்டுகளையும் மின்கம்பி நுழையும் இடத்தையும் தீயடைப்புப் பசையினால் மூடுவர். துளையினூடாகப் புகும் தீ அப்பெட்டிக்குள்ளேயே அடங்கும். பெட்டி விளக்கின் வெப்பம் வெளியேறப் போதிய அளவினதாக இருத்தல் வேண்டும். உட்கூரை அறையப்படுவதற்கு முன்னரே இதனைக் கட்டவேண்டும் என்பது இம்முறையின் வரையறை. அமைப்பின் சான்றோ கட்டிட அதிகாரியோ ஏற்றுக்கொண்ட முறையிலேயே இது செய்யப்படல் வேண்டும்.

மூன்றாவது, தீச்சோதனைக்கு உள்ளாகிய விளக்கைப் பயன்படுத்துவது. இவற்றின் உடல் உருக்கினால் அமைந்து, வெப்பத்தில் வீங்கும் பொருளொன்றை உள்ளே கொண்டிருக்கும். தீ நெருங்கும்பொழுது அப்பொருள் பலமடங்கு பருத்து, உருகிப்போன உறுப்புகள் விட்ட வெளியை அடைத்துவிடும். துளை உற்பத்தியாளர் கூறிய அளவுக்கு மிகாமல் வெட்டப்பட வேண்டும். பெரிதாக வெட்டிய துளையை விளிம்புத் தகடு கண்ணுக்கு மறைக்கும், தீக்கு மறைக்காது.

நான்காவது, கட்டிமுடிந்த உட்கூரைகளில் விளக்கின் மேல் கவிழ்க்கும் தீத்தடுப்பு மூடி. வெப்பத்தில் வீங்கும் துணியினாலோ கனிமக் கம்பளியினாலோ செய்யப்பட்ட மூடிகளைத் துளையினூடாகவே மேலே நுழைத்துவிடலாம். அலுவலகங்களின் தொங்கும் உட்கூரைகளில் பெரிய விளக்குகளின் பின்புறத்தைக் கனிமநார்ப் பலகைத் துண்டுகளால் கூடாரம்போல் மூடுவதும் இவ்வகையினதே.

ஐந்தாவது வழி மிகவும் எளியது. தீத்தாங்கும் உட்கூரையைத் துளையின்றி முழுமையாக விட்டுவிட்டு, அதற்குக் கீழே சில அங்குலம் தாழ்த்தி ஓர் அலங்கார உட்கூரையை அமைத்து, விளக்குகளை அதிலே பதிப்பது. காக்கும் தொழிலையும் ஒளி தரும் தொழிலையும் இது இருவேறு கூரைகளுக்குப் பிரித்துவிடுகின்றது. இதற்காக இழக்கப்படுவது அறையின் உயரத்தில் சில அங்குலங்கள். நிலத்தின் விலையும் கட்டிடத்தின் உயர வரம்பும் ஒவ்வோர் அங்குலத்தையும் பணமாக மாற்றும் நகரங்களில் இவ்வெளிய வழி அருகியே கையாளப்படுவது வியப்பன்று.

6

மூன்றாவது வழியை நாம் மீண்டும் நோக்குதல் அவசியம். ஏனெனில் சந்தை பெரிதும் விரும்புவது அதனையே. பெட்டியின் மேல் '30, 60, 90 நிமிடம்' என்று அச்சிடப்பட்ட விளக்கை வாங்கிப் பொருத்தியதும் பிரச்சினை தீர்ந்துவிட்டதாக வாங்குவோரும் விற்போரும் கருதுகின்றனர்.

ஆயின் அவ்வெண்கள் எதனைக் குறிக்கின்றன? குறிப்பிட்ட வகைத் தீராந்திகள், குறிப்பிட்ட இடைவெளி, குறிப்பிட்ட தடிப்புள்ள பலகை, குறிப்பிட்ட தொகையான விளக்குகள் ஆகியன சேர்ந்த ஓர் அமைப்பு உலையின்மேல் அத்தனை நிமிடம் தாங்கியது என்பதையே அவை குறிக்கின்றன. திண்மரத் தீராந்திகளோடு சோதிக்கப்பட்ட அதே விளக்கை 'ஐ' வடிவத் தீராந்திகளின் கீழ்ப் பொருத்தினால், அந்தச் சான்று அங்கு செல்லுபடியாகாது. தீராந்தி மாறியவுடன் துளையினூடாகக் கசியும் சிறு வெப்பமும் வேறு விளைவைத் தரும் என்பதை முன்னர் கண்ட கணக்கே காட்டும். 90 நிமிடம் என்ற எண்ணைத் தாங்கிய விளக்கை 30 நிமிடம் தாங்கும் உட்கூரையில் வைத்தால் அக்கூரை 90 நிமிடக் கூரையாகிவிடாது என்பதும் வெளிப்படை.

மனிதருக்கிடையேயான உறவுகள் பண்டங்களின் இயல்பான குணங்கள்போலத் தோன்றுவதை மார்க்ஸ் பண்ட மாயை என்று விளக்கினார். தீத்தாங்கு திறன் விடயத்தில் அதனை ஒத்ததொரு தோற்றத்தையே காண்கின்றோம். பல பொருள்களும் பலரது உழைப்பும் கூடிய ஓர் அமைப்பின் பெறுபேறு, தனிப்பண்டமொன்றின் பெட்டியிலே எண்ணாகச் சுருங்கி, அப்பண்டத்தோடு எங்கும் பயணம் செய்யத் தொடங்குகின்றது. சான்றிதழ் தான் பிறந்த அமைப்பிலிருந்து பிரிந்து விற்பனைக் கருவியாகின்றது.

இப்பிரிவு எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு இலண்டனின் கிரென்ஃபெல் கோபுரம் சான்றாகும். 2017 ஜூன் 14இல் அங்கு நிகழ்ந்த தீயில் 72 பேர் இறந்தனர். அங்குப் பிரச்சினை உட்பதி விளக்கன்று. கோபுரத்தின் வெளிப்புறத்தைப் போர்த்திய எரியக்கூடிய தகடுகளும் வெப்பக்காப்புமே. ஆயினும் சான்றிதழ் பற்றிய பாடம் பொதுவானது. அப்பொருள்களை ஆக்கி விற்றவர்களின் திட்டமிட்ட நேர்மையீனத்தை 2024 செப்டெம்பரில் வெளிவந்த விசாரணையின் இறுதி அறிக்கை கடுமையாகக் கண்டித்தது. சோதனை முறைகளும் அவற்றின் பெறுபேறுகளும் சந்தைக்கேற்பத் திரிக்கப்பட்டமை அதிலே எடுத்துக்காட்டப்பட்டது. ஒரு பொருள் எந்த அமைப்பில் சோதிக்கப்பட்டது என்ற வினா மறைக்கப்படும்பொழுது, எண் மட்டுமே எஞ்சுகின்றது. எண்ணை நம்பியோர் ஏமாற்றப்படுகின்றனர்.

7

இறுதியாக, துளையை வெட்டும் கையைப் பற்றிச் சிந்தித்தல் வேண்டும். விளக்கின் இடத்தைக் குறிப்பவர் கட்டிடக்கலைஞர். தீத்தாங்கு நேரத்தை விதிப்பது சட்டம். விளக்கைத் தெரிவுசெய்வது பெரும்பாலும் விலைப்பட்டியல். பலகையை அறைபவர் ஒரு துணை ஒப்பந்தக்காரரின் ஆள்; துளை வெட்டிக் கம்பி இணைப்பவர் இன்னொருவரின் ஆள்; மூட்டுகளைப் பூசி மெழுகுபவர் மூன்றாமவர். அமைப்பை முழுமையாகக் காண்பவர் எவருமிலர். ஆனால் தீ அதனை முழுமையாகவே சந்திக்கும்.

மின்னிணைப்பாளர் விளக்கொன்றுக்கு இவ்வளவு என்னும் துண்டுக் கூலியில் வேலை செய்யுமிடத்து, பெட்டி கட்டும் நேரமும் பசை பூசும் நேரமும் அவரது கூலியிலிருந்தே கழிகின்றன. துண்டுக் கூலி தொழிலாளியைத் தானே தன்னை விரைவுபடுத்துபவனாக மாற்றுவதை மார்க்ஸ் 'மூலதனம்' முதற்றொகுதியில் தனி அத்தியாயத்தில் ஆராய்ந்தார். அவ்வாறான நிலையில் தவறு நேர்ந்தால் அதனைத் தொழிலாளியின் அசட்டை என்று முடித்துவிடுவது மேலோட்டமான விளக்கமாகும். அசட்டையைக் கூலிமுறையே உற்பத்தி செய்கின்றது. அதேவேளை, தொழிலாளியின் திறனும் அறிவும் பயனற்றவை என்று இதனைப் பொருள்கொள்ளல் ஆகாது. துளையின் விளிம்பில் எட்டிலொரு அங்குலம் அதிகமா குறைவா என்பதை அறிவது அவரது கண் ஒன்றே.

உட்கூரை மூடப்பட்டபின் மேலே பெட்டி கட்டப்பட்டதா, கம்பி நுழைந்த இடம் அடைக்கப்பட்டதா என்பதைக் கீழிருந்து எவராலும் அறிய முடியாது. அழகான வெண்ணிற வளையங்கள் மட்டுமே தென்படும். ஆதலால் பரிசோதனை நடைபெற வேண்டிய காலம் மூடுவதற்கு முந்திய காலமே. அப்பொழுது பரிசோதகர் வராவிடின், அடுத்த பரிசோதனையைத் தீயே நடத்தும்.

இவற்றிலிருந்து மூன்று வினாக்கள் பெறப்படுகின்றன. இத்தளம் எவ்வகை அமைப்பு? இவ்விளக்கு அவ்வகை அமைப்பிலேயே சோதிக்கப்பட்டதா? மூடுவதற்கு முன் இதனைப் பார்த்தவர் யார்? துளைவாளைக் கையில் எடுப்பதற்கு முன் இம்மூன்றுக்கும் எழுத்தில் விடை இருத்தல் வேண்டும். விடை கிடைக்கும் வரை வெட்ட மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு இருத்தல் வேண்டும். சோதனை அறிக்கைகள் விற்பனையாளரின் அலுமாரியில் அல்லாது, வேலைத்தலத்தில், வேலை செய்வோர் வாசிக்கும் மொழியில் இருத்தல் வேண்டும். தொழில்நுட்ப அறிவைத் தாய்மொழியில் தருவது பண்பாட்டுப் பெருமைக்கான முயற்சி மட்டுமன்று. உயிர்ப் பாதுகாப்பின் நிபந்தனைகளுள் ஒன்றுமாகும். 'தீத்தாங்கும்' என்னும் சொல்லுக்கு, எந்த அமைப்பில், எத்தனை நிமிடம், யாரது சான்றின்படி என்ற மூன்று அடைகளும் சேர்ந்தாலன்றி முழுமையான பொருளில்லை என்பதே இவ்வாராய்ச்சியால் நாம் பெறும் முடிபாகும்.